அடுத்து எது வரும்? தொழில்நுட்பச் சந்தை அறிக்கைகளை நாம் படிப்பது எப்படி

"அண்ணே, அடுத்து எது வரும்? பையனை எதுல சேர்க்கலாம்?"

கணினித் துறையில் வேலை செய்பவர் யாராக இருந்தாலும், நம் கல்யாண வீடுகளிலும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளிலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன் 'பிக் டேட்டா' படிக்கலாமா என்று கேட்டார்கள். பிறகு பிளாக்செயின் வந்தது. இப்போது ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவு. கேட்பவர் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டித்தான் கேட்பார். "இந்தச் சந்தை 2030-க்குள் இத்தனை ஆயிரம் கோடி டாலராக வளருமாம்!"

கிள்ளானில் உள்ள ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கப்பலில் வரும் கண்டெய்னர்களுக்குச் சுங்கப் பாரம் அனுப்புவது, வாடிக்கையாளருக்குக் கணக்கு அனுப்புவது, லாரிகளைத் துறைமுகத்துக்கு நேரத்தில் அனுப்புவது ஆகியவைதாம் எங்கள் அன்றாடம். எந்த மென்பொருளை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று முதலாளிக்குச் சொல்வது என் பொறுப்பு. அதனால் சந்தை அறிக்கைகள் ஆண்டு தவறாமல் என் மேசைக்கு வந்துவிடும்.

அந்த அறிக்கைகள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவை நம் குடும்பங்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரு பெரிய நிறுவனம் எங்கே பணம் போடலாம் என்று யோசிப்பதற்காக எழுதியதை வைத்து, நம் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்கிறோம். அப்படிச் செய்வதென்றால் கொஞ்சம் வேறு கண்ணோடு படிக்கத் தெரிய வேண்டும்.

அறிக்கை எழுதுபவர் யார்?

தொழில்நுட்பச் சந்தையை அலசிச் சொல்வதே தனியொரு தொழில். ஐ.டி.சி. நிறுவனம் 1964-இலும், கார்ட்னர் 1979-இலும், ஃபாரஸ்டர் 1983-இலும் அமெரிக்காவில் தொடங்கப்பட்டன. இவற்றுள் இன்று மிகப் பெரியது கார்ட்னர். 2024-ஆம் ஆண்டில் அதன் வருமானம் 600 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. கருத்துச் சொல்லியே இவ்வளவு சம்பாதிக்க முடியுமா என்று வியப்பாக இருக்கலாம். நூறு கோடி செலவில் ஒரு கணினித் திட்டத்தைத் தொடங்கப்போகும் வங்கிக்கு, ஆண்டுக்குச் சில லட்சம் கொடுத்து ஆலோசனை கேட்பது பெரிய செலவாகத் தெரியாது.

இந்த நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பவர்களில் மென்பொருள் வாங்குவோரும் உண்டு, விற்போரும் உண்டு. விற்பவர் பணம் கொடுத்தால் பாராட்டி எழுதிவிடுவார்கள் என்று பொருளில்லை. நடுநிலைக்குத் தனி விதிமுறைகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். கார்ட்னரின் 'மேஜிக் குவாட்ரன்ட்' என்ற கட்டம் மிகவும் பெயர் பெற்றது. ஒரு சதுரத்தை நான்காகப் பிரித்து, மென்பொருள் நிறுவனங்களைப் புள்ளிகளாக வைத்திருப்பார்கள். வலது மேல் மூலையில் இருப்பவர்கள் 'முன்னணியினர்'. இந்த அறிக்கையை முழுதாகப் படிக்கச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் மென்பொருள் விற்கும் நிறுவனங்களின் இணையத்தளங்களில் அதே அறிக்கை பல நேரங்களில் இலவசமாகக் கிடைக்கும். மறுபதிப்பு உரிமையை அவை காசு கொடுத்து வாங்கியிருக்கும். தான் இடது கீழ் மூலையில் கிடக்கும் அறிக்கையை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்கி வெளியிடாது. ஆக, இலவசமாக நம் கைக்கு வரும் அறிக்கை ஏற்கெனவே ஒருவர் சலித்தெடுத்துக் கொடுத்த அறிக்கை.

'35 விழுக்காடு வளர்ச்சி' என்றால்?

செய்தித் தலைப்புகளில் வரும் வளர்ச்சி விகிதத்துக்கு வருவோம். கைக்கணக்காக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு புதிய தொழில்நுட்பத்தின் சந்தை இன்று ஒரு கோடி ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 35 விழுக்காடு வளர்ந்தால் ஐந்து ஆண்டுகளில் அது ஏறக்குறைய நாலரைக் கோடி ஆகும். கூடியது மூன்றரைக் கோடி. இன்னொரு பக்கம், நூறு கோடி ரிங்கிட்டுக்கு ஒரு பழைய சந்தை இருக்கிறது. கணக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆண்டுக்கு வெறும் 5 விழுக்காடு வளர்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 127 கோடியே 60 லட்சம் ஆகும். கூடியது 27 கோடிக்கும் மேல்.

தலைப்பில் வருவது 35 விழுக்காடுதான். 5 விழுக்காட்டை யாரும் தலைப்பாகப் போடமாட்டார்கள். ஆனால் சம்பளம் விழுக்காட்டிலிருந்து வருவதில்லை, கூடிய பணத்திலிருந்து வருகிறது. அந்த 27 கோடிக்குள் எத்தனை பேருக்கு வேலை இருக்கும், அந்த மூன்றரைக் கோடிக்குள் எத்தனை பேருக்கு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சந்தையின் அளவு, அந்தச் சந்தைக்குள் எதையெல்லாம் சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நேற்றுவரை 'அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்' என்று விற்றதை இன்று 'ஏஐ' என்று பெயர் மாற்றி விற்றால், ஏஐ சந்தை ஒரே இரவில் பெருத்துவிடும். கிளவுட் காலத்திலும் இது நடந்தது. சாதாரண வாடகை சர்வரையெல்லாம் கிளவுட் என்று விற்றார்கள். அதனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் உள்ள தொகையைவிட, எதை எண்ணினார்கள் என்று பின்பக்கத்தில் வரும் விளக்கத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஏறி, விழுந்து, நிமிரும் கோடு

இந்தத் துறையில் மிகவும் பரவிய படம், 1995-இல் கார்ட்னரின் ஆய்வாளர் ஜாக்கி ஃபென் அறிமுகப்படுத்திய 'ஹைப் சைக்கிள்' வளைகோடு. 'ஆரவாரச் சுழற்சி' என்று சொல்லலாம்.

ஒரு புதிய தொழில்நுட்பம் பிறக்கிறது. பத்திரிகைகளும் முதலீட்டாளர்களும் அதைத் தூக்கிப் பிடிக்க, எதிர்பார்ப்பு மலை உச்சிக்கு ஏறுகிறது. சொன்னபடி நடக்கவில்லை என்று தெரிந்ததும் ஏமாற்றப் பள்ளத்தில் விழுகிறது. அங்கிருந்து, அது உண்மையில் எதற்குப் பயன்படும் என்று புரிந்துகொண்ட சிலர் அமைதியாக வேலை செய்ய, கோடு மெல்ல மேலேறுகிறது. கடைசியில் சமவெளிக்கு வந்து, எல்லா அலுவலகங்களிலும் சாதாரணப் பொருளாகிவிடுகிறது.

கிளவுட் இந்தக் கோட்டுக்கு நல்ல உதாரணம். அமேசான் நிறுவனம் தன் கணினி வளங்களை வாடகைக்கு விடத் தொடங்கியது 2006-இல். 2009-இல் கார்ட்னரின் கோட்டில் கிளவுட் உச்சியில் இருந்தது. பிறகு தகவல் பாதுகாப்பு, நம்பகத்தன்மை என்று கேள்விகள் எழுந்து கீழே இறங்கியது. அமேசான் 2010-இல் சிங்கப்பூரில் தன் தரவு மையத் தொகுப்பைத் திறந்தது. மலேசியாவில் திறந்தது 2024 ஆகஸ்டில். உச்சியில் ஏறி இறங்கிய ஆரவாரம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்துத்தான் நம் ஊருக்கு முழு அளவில் முதலீடு வந்திருக்கிறது. அதே 2024-இல் மலேசியாவில் மைக்ரோசாஃப்ட் 220 கோடி அமெரிக்க டாலரும், கூகள் 200 கோடி அமெரிக்க டாலரும் முதலிடப்போவதாக அறிவித்தன.

இதில் இளையோருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. உச்சியில் இருக்கும்போது ஓடிப்போய்ச் சேராதவன் வாய்ப்பை இழந்துவிடுவதில்லை. கிளவுட் பள்ளத்தில் இருந்த ஆண்டுகளில், யாரும் பெரிதாகப் பேசாதபோது, சர்வர் நிர்வாகம் தெரிந்தவர்கள் நிதானமாக அதைக் கற்றுக்கொண்டார்கள். பிறகு நிறுவனங்கள் வரிசையில் நின்று ஆள் தேடியபோது அவர்கள் தயாராக இருந்தார்கள்.

ஆனால் இந்தக் கோட்டை அப்படியே நம்பவும் முடியாது. பள்ளத்தில் விழுந்த எல்லாம் எழுந்துவிடும் என்று படம் சொல்வதுபோல் இருக்கிறது. உண்மையில் பல எழுவதே இல்லை. மைக்கேல் முல்லனி என்ற முதலீட்டாளர் 2000-ஆம் ஆண்டு முதல் வந்த கோடுகளை ஒப்பிட்டு 2016-இல் ஒரு கட்டுரை எழுதினார். 50-க்கும் மேற்பட்ட தொழில்நுட்பங்கள் ஒரே ஓர் ஆண்டு மட்டும் கோட்டில் தலைகாட்டிவிட்டு மறைந்திருந்தன. வகுப்புப் படத்தில் இருந்து பிறகு பெயரே மறந்துபோன பிள்ளைகளைப்போல. அவற்றை நம்பிப் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தக் கோடும் சொல்வதில்லை.

துறைமுகத்தில் பார்த்த இரண்டு கதைகள்

எழுந்து நின்ற தொழில்நுட்பத்துக்கும் எழாமல் போனதற்கும் என்ன வேறுபாடு? என் தொழிலிலிருந்தே இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

முதல் கதை டிரேட்லென்ஸ். உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கும், ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த பிளாக்செயின் தளம். ஒரு கண்டெய்னர் புறப்பட்டதிலிருந்து சேரும்வரை எத்தனையோ கைகள் மாறும். ஏற்றுமதியாளர், முகவர், கப்பல், துறைமுகம், சுங்கத்துறை, வங்கி என்று ஒவ்வொருவரும் தனித்தனிக் காகிதம் வைத்திருப்பார்கள். எல்லாரும் ஒரே பதிவேட்டைப் பார்க்கலாம், யாரும் அதைத் திருத்தி ஏமாற்ற முடியாது என்பதுதான் டிரேட்லென்ஸின் வாக்குறுதி. சிங்கப்பூரின் பி.எஸ்.ஏ. துறைமுகமும் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையும் தொடக்கத்திலேயே பங்கேற்றன. பிறகு எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற போட்டி நிறுவனங்களும் இணைந்தன.

கேட்பதற்கு எங்கள் தலைவலிக்கெல்லாம் மருந்துபோலத்தான் இருந்தது. ஆனால் 2022 நவம்பரில் இதை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2023-இன் முதல் காலாண்டோடு தளம் நின்றது. தொழில்நுட்பம் வேலை செய்யாததால் நிற்கவில்லை. உலகம் முழுவதும் உள்ள நிறுவனங்கள் முழுமையாக ஒத்துழைக்காததால், வணிக ரீதியில் நிலைத்து நிற்கும் அளவை அது எட்டவில்லை என்று மெர்ஸ்க் சொன்னது. போட்டியாளன் பங்குதாரராக இருக்கும் பதிவேட்டில் தன் கணக்கை வைக்க எந்த வியாபாரிதான் முழுமனதோடு வருவான்?

அதே 2022 நவம்பரில் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையும் தன் பிளாக்செயின் திட்டத்தை நிறுத்தியது. 1994 முதல் ஓடிக்கொண்டிருந்த பங்குப் பதிவு முறையை மாற்ற 2017-இல் எடுத்த முடிவு அது. ஏறக்குறைய 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டியதாயிற்று. பழைய முறை தொடர்ந்து ஓடியது.

இரண்டாவது கதை டிரேட்நெட். சிங்கப்பூர் 1989 ஜனவரியில் தொடங்கிய மின்னியல் சுங்க அனுமதி முறை. அதற்கு முன் முகவர்களின் ஆட்கள் பாரங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக அலைந்து, அனுமதிக்கு நாள்கணக்கில் காத்திருப்பார்கள். டிரேட்நெட் வந்த பிறகு ஒரே மின்னியல் பாரம், சில நிமிடங்களில் பதில். இணையம் பொதுமக்களுக்கு எட்டாத காலத்திலேயே தொடங்கியது, பல மாற்றங்களோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மலேசியாவில் நாங்கள் இறக்குமதிக்கு கே-1, ஏற்றுமதிக்கு கே-2 என்று மின்னியல் முறையில் அனுப்பும் சுங்கப் பாரங்களும் இதே வழியில் வந்தவைதாம்.

இரண்டும் தீர்க்க நினைத்தது ஒரே சிக்கலை. டிரேட்லென்ஸில் புதுமை அதிகம். டிரேட்நெட்டில் மூன்று சாதாரண விஷயங்கள் இருந்தன. அதைப் பயன்படுத்தாமல் சரக்கு நகராது என்ற நிலையை அரசு உண்டாக்கியது. பயன்படுத்திய முதல் நாளிலேயே முகவருக்கு நேரம் மிச்சமானது. நடத்துபவர் யாருக்கும் வியாபாரப் போட்டியாளர் அல்லர். எந்த அறிக்கையைப் படித்தாலும் இந்த மூன்றையும் தேடிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

இப்போது நம் கண்முன் நடப்பது

ஆரவாரமே இல்லாமல் நம் நாட்டின் ஒவ்வொரு கடைக் கணக்கையும் மாற்றிக்கொண்டிருக்கும் தொழில்நுட்பம் ஒன்று உண்டு. அது இ-இன்வாய்ஸ். எந்த மாநாட்டிலும் இதற்குப் புகைமூட்டமும் வண்ண விளக்கும் போட்டு அறிமுக விழா நடத்துவதில்லை.

உள்நாட்டு வருமான வரி வாரியம் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்டு 1, இரண்டரைக் கோடிக்கு மேல் 2025 ஜனவரி 1, 50 லட்சத்துக்கு மேல் 2025 ஜூலை 1, 10 லட்சத்துக்கு மேல் 2026 ஜனவரி 1. தொடக்கத்தில் சலுகைக் காலம் உண்டு. மிகச் சிறிய கடைகளுக்கு விலக்கும் உண்டு. ஆனால் பெரிய வாடிக்கையாளருக்குப் பொருள் விற்கும் சிறிய கடைக்காரரிடமும் இன்று "இ-இன்வாய்ஸ் இருக்கா?" என்ற கேள்வி வந்துவிட்டது.

வேலை நடக்கும் விதம் எளிது. நம் மென்பொருள் கணக்குச் சீட்டை வாரியத்தின் 'மைஇன்வாய்ஸ்' தளத்துக்கு அனுப்பும். அங்கே சரிபார்த்து, தனி எண் ஒன்றைக் கொடுப்பார்கள். சீட்டில் கியூஆர் குறியீடு ஏறும். தவறு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். சிரமம் எங்கே என்றால், ஒரு சீட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தகவல் கட்டங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளரின் வரி அடையாள எண், தொழில் வகைக் குறியீடு, முகவரி என்று எது பிசகினாலும் சீட்டு திரும்பி வரும். எங்கள் நிறுவனத்தில் இதைத் தொடங்கியபோது மென்பொருளை இணைக்கும் வேலை சீக்கிரமே முடிந்தது. இருபது ஆண்டு வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான் மாதக்கணக்கில் இழுத்தது. ஒரே நிறுவனம் மூன்று பெயர்களில் பதிந்திருந்தது. மூடிப்போன கம்பெனிகள் இன்னும் பட்டியலில் உயிரோடு இருந்தன.

சிங்கப்பூரில் இதற்கு இணையானது இன்வாய்ஸ்நவ். புதிதாகத் தொடங்கி, விருப்பத்தின்பேரில் ஜி.எஸ்.டி.யில் பதிந்துகொள்ளும் நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் அது கட்டாயமானது. அதன் அடித்தளமான பெப்போல் என்ற முறை 2008-இல் ஐரோப்பாவில் தொடங்கியது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சட்டம் உண்டாக்கும் சந்தையைச் சட்டமே கலைத்துவிடலாம். மலேசியாவில் 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கு மென்பொருளுக்கு அப்படியொரு கிராக்கி. 2018 ஜூனில் வரி பூஜ்யமானது, செப்டம்பரில் பழைய விற்பனை வரி திரும்பி வந்தது. 'ஜி.எஸ்.டி. நிபுணர்' என்று மட்டும் அட்டை அடித்துக்கொண்டவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் காகிதக் கணக்கிலிருந்து கணினிக் கணக்குக்கு மாறிய கடைக்காரர்கள் பெரும்பாலும் காகிதத்துக்குத் திரும்பவில்லை. வரியின் பெயர் மாறினாலும், கணக்கையும் கணினியையும் சேர்த்துத் தெரிந்தவர்களுக்கு வேலை இருந்தது.

பன்னிரண்டாயிரம் ரிங்கிட்

2018-இல் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் வட்டாரத்துத் தாயார் ஒருவர், மகளை ஒரு தனியார் பயிற்சி மையத்தில் பிளாக்செயின் வகுப்பில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். கட்டணம் 12,000 ரிங்கிட். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்க யோசித்துக்கொண்டிருந்தார். துண்டுவிளம்பரத்தில் மேல்நோக்கி ஏறும் கோடும், 'உலகச் சந்தை' என்று ஒரு பெரிய தொகையும் இருந்தன.

"அம்மா, இந்த மையத்துல ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இதைப் படிச்சு முடிச்சவங்களை சிலாங்கூர்ல எந்த மூணு கம்பெனி இப்ப வேலைக்கு வச்சிருக்கு? பேர் சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கேட்டார். உலகப் பெயர் பெற்ற நிறுவனங்களின் பெயர்களைத்தான் சொன்னார்களாம், சிலாங்கூரில் ஒன்றுகூட இல்லை. மகள் அந்த வகுப்பில் சேரவில்லை. கணக்கியல் டிப்ளோமா முடித்து, ஒரு வன்பொருள் மொத்த வியாபாரக் கடையில் சேர்ந்தார். இன்று அங்கே இ-இன்வாய்ஸ், கையிருப்பு, வங்கிக் கணக்கு மூன்றையும் இணைத்துப் பார்த்துக்கொள்வது அவர்தான். பிளாக்செயின் படித்திருந்தால் கெட்டுப்போயிருப்பார் என்று சொல்லமாட்டேன். கெட்டிக்காரப் பெண், எப்படியும் முன்னேறியிருப்பார். ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரம் அம்மாவின் கணக்கிலேயே இருக்கிறது.

அப்படியானால் ஏஐ?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்தது. 2023-இல் கார்ட்னர் அந்த வகைத் தொழில்நுட்பத்தை உச்சியில் வைத்தது. 2025-இல் ஏமாற்றப் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்றது. அதே ஆண்டு உச்சிக்கு ஏறியது 'ஏஐ ஏஜென்ட்'. கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், தானே வேலைகளைத் தொடர்ச்சியாகச் செய்து முடிக்கும் மென்பொருள். இதைப் பற்றி 2025 ஜூனில் அதே கார்ட்னர் சொன்னது கவனிக்கத்தக்கது. 2027 முடிவதற்குள் இத்தகைய திட்டங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் கைவிடப்படும், செலவு ஏறுவதும் பயன் தெளிவாகத் தெரியாததும் காரணங்களாக இருக்கும் என்று கணித்தது. ஏஜென்ட் என்று சொல்லி விற்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் ஏறக்குறைய 130 மட்டுமே உண்மையானவை என்றும் மதிப்பிட்டது. மற்றவை பழைய பொருளுக்குப் புதுப் பெயின்ட்.

இதைக் கேட்டு "ஏஐ-யும் பிளாக்செயின் மாதிரிதான்" என்று ஒதுக்கிவிடக்கூடாது. என் மூன்று விஷயங்களை வைத்துப் பாருங்கள். டிரேட்லென்ஸைப்போல எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பயன் என்ற நிலை ஏஐ-க்கு இல்லை. ஒரு குமாஸ்தா தனியாகவே பயன்படுத்தி, அன்றைக்கே நேரத்தை மிச்சப்படுத்தலாம். எங்கள் அலுவலகத்தில் சீன, மலாய், ஆங்கில மின்னஞ்சல்களைச் சுருக்கிப் படிக்கவும், பதிலுக்கு முதல் வரைவு எழுதவும் பயன்படுகிறது. ஆனால் சுங்கப் பாரத்தில் பொருள் வகைக் குறியீட்டைத் தானாக நிரப்ப விட்டுவிட மாட்டோம். குறியீடு தவறினால் வரி தவறும், அபராதம் எங்களுக்குத்தான் வரும். ஏஐ சொல்வதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆளுக்குச் சுங்க விதி தெரிந்திருக்க வேண்டும்.

இளையோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஏஐ என்ற ஒன்றை மட்டும் தனியாகப் படிப்பதைவிட, ஏதாவது ஒரு தொழிலை ஆழமாகக் கற்று, அதில் ஏஐ எங்கே உதவும், எங்கே தவறும் என்று தெரிந்து வைத்திருப்பது நெடுநாள் கைகொடுக்கும். கணக்கு, சரக்கு, மருந்தகம், கட்டுமானம் என்று எதுவாகவும் இருக்கலாம். என் இருபது ஆண்டு வாடிக்கையாளர் பட்டியலைப்போலத்தான் எல்லா நிறுவனங்களின் தகவலும் குழம்பிக் கிடக்கிறது. எந்த ஏஐ வந்தாலும் முதலில் அதைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். தகவல் ஒழுங்கு, மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பது, இணையப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஆரவாரக் கோட்டின் எந்த இடத்திலும் தேவைப்படும் வேலைகள்.

பணம் கட்டுவதற்கு முன்

அறிக்கையோ விளம்பரமோ உங்கள் வீட்டுக்கு வந்தால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த அறிக்கையை எனக்குக் கொடுப்பவர் யார்? அவர் எதையாவது விற்கிறாரா?

வளர்ச்சி எத்தனை விழுக்காடு என்பது இருக்கட்டும். இப்போது எவ்வளவு பெரிய சந்தை? அதற்குள் எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள்?

ஒரு நிறுவனம் தனியாகப் பயன்படுத்தினால் பயன் உண்டா, அல்லது ஊரே சேர்ந்தால்தான் பயனா? ஊரே சேர வேண்டுமென்றால், சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இருக்கிறதா?

இது நாளைக்கே மறைந்துபோனாலும், கற்றதில் என் கையில் என்ன மிஞ்சும்?

நம் ஊரில் இதை இன்று பயன்படுத்தும் மூன்று நிறுவனங்கள் எவை?

கடைசிக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க அறிக்கை வாங்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்புத் தளங்களில் மலேசியா அல்லது சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுத்து, அந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைத் தட்டச்சு செய்து, எத்தனை விளம்பரங்கள் வருகின்றன என்று எண்ணுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். கேட்கும் அனுபவம் எத்தனை ஆண்டு, சம்பளம் எவ்வளவு, கூடவே வேறென்ன தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். சிங்கப்பூரில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைச் செலவழிக்க நினைப்பவர்களுக்கும் இதே வழிதான். பயிற்சி மையம் காட்டும் உலக வரைபடத்தைவிட, உங்கள் பிள்ளை தன் கையால் எழுதிய அந்த இரண்டு பக்கம் உங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான சந்தை அறிக்கை. வரும் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையோடு உட்கார்ந்து தொடங்கலாம், ஒரு மணி நேரம் போதும்.